பேனல் சா மோட்டாரும் வாரண்டி வழக்கும்: பட்டறை நாட்குறிப்பு

2025 ஜூன் 9, திங்கள்

பிளை ஷீட் அறுக்கும் மெஷினான பேனல் சாவின் மெயின் மோட்டார் இன்று காலை கருகிவிட்டது. மைக்கா ஒட்டின 18 எம்எம் பிளை அறுத்துக்கொண்டிருந்தோம். முதலில் வார்னிஷ் தீயும் நாற்றம், அப்புறம் ஃபேன் கவர் வழியாகப் புகை. ஸ்டார்ட்டரை அமர்த்தி மெயினையும் இறக்கிவிட்டோம். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தவேண்டிய ஓவர்லோட் ரிலே கடைசிவரை விழவே இல்லை. ஜனவரியில் பில் போட்டு, மார்ச்சில் ஓட ஆரம்பித்த புது மெஷின் இது.

மோட்டாரை இறக்கி உடனே காயில் கட்ட, அதாவது உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்றக் கொண்டுபோகலாம் என்றார்கள் பையன்கள். வேலை நிற்கும்போது யாருக்கும் அதுதான் தோன்றும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாரண்டியில் இருக்கும் மோட்டாரில் நாம் ஸ்பேனர் வைத்துவிட்டால், அதற்குமேல் பேச்செல்லாம் யார் பிரித்தது என்பதைப் பற்றித்தான் இருக்கும். ஏன் எரிந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மோட்டார் பிளேட், மெஷின் சீரியல் நம்பர், ரிலே எந்த ஆம்பியரில் வைத்திருக்கிறது, ஃபேன் கவரில் தூசி அடைக்கவில்லை என்பது, எல்லாவற்றையும் படம் எடுத்தோம். கோயம்புத்தூர் டீலருக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பில் நம்பரோடு அனுப்பினேன். போனிலும் பேசினேன். ஆனால் போனில் பேசியது பேசியதோடு போய்விடும், எழுதினதுதான் நிற்கும்.

கிச்சன் வேலை ஒன்று பாதியில் கிடக்கிறது. பைபாஸ் பக்கம் நண்பர் பட்டறையில் ஷீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து அறுத்து வாங்கவேண்டும். அந்த பில்லையும் தனியாக எடுத்து வைக்கிறேன்.

2025 ஜூன் 12, வியாழன்

டீலரின் சர்வீஸ் ஆள் வந்தார். சின்னப் பையன், நல்ல மாதிரிதான். வந்த உடனே சொன்னது: "சார், இது வோல்டேஜ் பிரச்சனை. பேஸ் போயிருக்கும். அதுக்கு வாரண்டி கிடையாது."

"தம்பி, அளந்து பார்த்துட்டு எழுதுங்க" என்றேன். அளந்தார். மூன்று பேஸுக்கும் இடையே 418, 422, 414. சராசரி 418, அதிகபட்ச விலகல் 4 வோல்ட், அதாவது ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. மூன்று பேஸுக்குள் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வை எந்த மோட்டாரும் தாங்கும். நம் லைனில் கோளாறு இல்லை என்பதை அவருடைய மீட்டரே சொன்னது. ஆனாலும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் "சிங்கிள் பேஸிங்", அதாவது ஒரு பேஸ் போய்விட்டது என்றுதான் எழுதினார். மேலே இருப்பவர்கள் அப்படி எழுதச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. ரீடிங்கையும் அதே தாளில் எழுதவைத்து, "காரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் எல்லோரும் இந்த ஒரு வரியை எழுதுங்கள். வெறும் கையெழுத்து, நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

மோட்டார் பிளேட்டில் 380 வோல்ட் என்று போட்டிருக்கிறது. சீனாவில் மூன்று பேஸ் சப்ளை 380 வோல்ட். நம் ஊர்க் கணக்கு 415, அதற்கு 6 சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது நெடுநாள் விதி. 390-லிருந்து 440 வரை எது வந்தாலும் அது சரியான சப்ளைதான். 380-க்குச் சுற்றின மோட்டாருக்கோ 418 என்பதே 10 சதவீதம் அதிகம். மோட்டார்களுக்கான சர்வதேசத் தரம் 5 சதவீதம் வரைதான் தொடர்ந்து ஓட்ட இடம் கொடுக்கிறது. 10 சதவீதம் வரை மோட்டார் ஓடும், ஆனால் அந்த ஓரத்திலேயே நாள் முழுக்க வைத்து ஓட்டுவதை அதே தரம் நல்லதென்று சொல்லவில்லை. ராத்திரி ஊர் அடங்கினபின் நம் லைன் 430 தொடும்.

மெஷின் மாட்டின அன்றே இதைக் கேட்டிருந்தேன். லோடு இல்லாமல் வெறுமனே ஓடும்போதே கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரில் 5.8 ஆம்பியர். பிளேட்டில் முழு லோடுக்கே 8.6 தான். பிளேட்டையும் ரீடிங்கையும் படம் எடுத்து அனுப்பினதற்கு மாட்ட வந்தவர் அனுப்பின பதில் இன்னும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது: "நோ ப்ராப்ளம் சார், எல்லா இடத்திலும் இப்படித்தான் ஓடுது."

2025 ஜூன் 13, வெள்ளி

வாரண்டி கார்டையும் கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

கார்டு, மெஷின் பெட்டிக்குள் இருந்தது. "எலக்ட்ரிக்கல் பாகங்கள், பெல்ட், பேரிங், பிளேடு ஆகியவற்றுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில். பெல்ட்டும் பிளேடும் தேயும் சாமான், சரி. மோட்டாரை எடுத்துவிட்டால் பேனல் சாவில் மிச்சம் இருப்பது ஒரு மேஜைதான். கொட்டேஷன் பணம் கட்டுவதற்கு முன் வந்தது. அதில் "415 வோல்ட், 3 பேஸ், 50 ஹெர்ட்ஸ்", "உற்பத்திக் குறைகளுக்கு 12 மாத வாரண்டி" என்று தெளிவாக இருக்கிறது, விலக்கு எதுவும் இல்லை. அதை நம்பித்தான் அட்வான்ஸ் போட்டேன். பணம் கட்டினபின் பெட்டிக்குள் வந்த ஒரு அட்டை, முன்னால் எழுதிக்கொடுத்த வாக்கைத் தன் இஷ்டத்துக்குக் குறைத்துவிட முடியாது.

கார்டே இல்லாவிட்டாலும் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தவேண்டும் என்கிறது 15-வது பிரிவு. இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் அந்த வேலைக்கு அது உதவவேண்டும் என்கிறது 16-வது பிரிவு. 415 என்று எழுதி 380 கொடுத்தது முதலிலேயே அடிபடுகிறது. வாரண்டி என்றதும் எல்லோரும் அந்த அட்டையைத்தான் தேடுகிறோம். நம் பக்கம் இருக்கும் பலம் பெரும்பாலும் கொட்டேஷனிலும் பில்லிலும்தான் இருக்கிறது.

2025 ஜூன் 17, செவ்வாய்

மச்சான், பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் பழைய திக்னஸ் மெஷின் ஒன்று பார்க்க மதுரைக்குக் கூப்பிட்டார். என் கதையைக் கேட்டுப் பயந்துபோய், "புதுசு வாங்கினா இந்தப் பாடு, பழசே தேவலாம் மாமா" என்கிறார். பழசிலும் பாடு உண்டு, அது வேறு மாதிரி.

பழைய மெஷினில் பெரும்பாலும் "உள்ளது உள்ளபடி" வியாபாரம்தான். நேரில் பார்த்து வாங்கினால், பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அப்புறம் விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். அதனால் பார்க்கும் நேரத்தை அவசரப்படுத்தக் கூடாது.

போன உடனே பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்தோம். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த பேரிங் போடும் சத்தம் நமக்குக் கேட்காமல் போய்விடும். குளிர்ந்துதான் இருந்தது. பவரை எடுத்துவிட்டு, நூலளவு ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜை மேக்னட்டில் நிறுத்தி ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்ததில் ஆட்டம் மிகக் குறைவு. அப்புறம் ஒரே அளவில் இரண்டு ரீப்பர் சட்டத்தை, ஒன்று இடது ஓரத்திலும் இன்னொன்று வலது ஓரத்திலுமாகச் சேர்த்து விட்டோம். வெளியே வந்ததை வெர்னியரில் அளந்தால் 0.4 மில்லி வித்தியாசம். டேபிள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலையில் அதைக் கழிக்கவேண்டும். கடைக்காரரும் மறுக்காமல் கழித்தார். அரைமணி நேரம் ஓடவிட்டுப் பேரிங்கை மறுபடி தொட்டுப் பார்த்தோம். கை தாங்கும் சூடுதான்.

"ஒரு மாசம் டெஸ்டிங் வாரண்டி தர்றேன் அண்ணே" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன். அதையே பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னேன்: எந்த மெஷின், என்ன சீரியல், எந்தப் பாகங்களுக்கு, எத்தனை நாள், ரிப்பேர் அவர் செலவா அல்லது ஆள்கூலி மட்டுமா. கொஞ்சம் யோசித்தார், எழுதினார். பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் குறையும் என்று மச்சானுக்கு ஒரு ஆசை இருந்தது. பில்லே இல்லையென்றால் நாளைக்கு எதை வைத்துக் கேட்பது? பில்லோடுதான் வாங்கினோம்.

2025 ஜூன் 20, வெள்ளி

மோட்டாரை இன்று பிரித்தோம், மூன்று தரப்பும் இருக்கும்போது. இதற்காகத்தான் இத்தனை நாள் பிடிவாதமாக இருந்தேன். இன்ன தேதியில், இன்ன இடத்தில் பிரிக்கப்போகிறோம், ஆள் அனுப்புங்கள் என்று டீலருக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன். அதே தம்பி வந்தார். ரீவைண்டிங் பட்டறை அண்ணன் காயில் கட்டியே தலை நரைத்தவர். கழற்றினதிலிருந்து கடைசிவரை வீடியோ எடுத்தோம்.

எரிந்த காயிலைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மூன்று பேஸின் காயிலை இணைப்பதில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு வகை. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு பேஸ் போய் எரிந்திருந்தால், இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று மட்டும் புதுசு போல இருக்கும். டெல்டா என்றால் தலைகீழ், ஒரு பேஸ் கருகி மற்ற இரண்டும் தப்பியிருக்கும். சுற்றும்போதே நடந்த குறை என்றால் பெரும்பாலும் ஒரு காயிலில், ஒரே இடத்தில் பொத்துப்போயிருக்கும், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும். எங்கள் மோட்டாரில் மூன்று பேஸும் ஒரே மாதிரி சீராகக் கருத்திருந்தது.

"பேஸ் போனதில்லை தம்பி, இது சூட்டுலயே வெந்திருக்கு" என்றார் அண்ணன். சர்வீஸ் தம்பியும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சீராக வெந்திருந்தால் காரணம் ஓவர்லோடாக இருக்கலாம், அல்லது பிளேட்டுக்கு மேற்பட்ட வோல்டேஜாக இருக்கலாம். ரிலே 8.6-இல் வைத்திருந்தது, விழவில்லை, அதற்குப் படம் இருக்கிறது. அதனால் லோடு மேல் பழி போடுவது கஷ்டம். வோல்டேஜ் கூடினால் மோட்டாரின் இரும்பே சூடாகும். ரிலே பார்ப்பது ஆம்பியரை மட்டும், இரும்பின் சூடு அதற்குத் தெரியாது. அண்ணனிடம் பார்த்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். காயில் கட்டவில்லை. மோட்டாரை அப்படியே சாக்கில் கட்டி சீல் வைத்தோம்.

2025 ஜூன் 24, செவ்வாய்

டீலர் அலுவலகத்திலிருந்து பதில். இரண்டு விஷயம். ஒன்று, 415-ஐ 380 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நான் என் செலவில் வைத்திருக்கவேண்டுமாம். கொட்டேஷனில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்று, "நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், ஜிஎஸ்டி கிரெடிட்டும் எடுத்திருக்கிறீர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகமுடியாது."

இந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பின ஆசாரிகளை எனக்குத் தெரியும். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கினது அந்த விலக்கில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் 1993-லேயே இது வந்துவிட்டது. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விரித்துச் சொன்னது. அதுவும் கோயம்புத்தூரிலிருந்து வாங்கின ஒரு மெஷின் பற்றிய வழக்குதான். அந்த வழக்கில் வாங்கினவர் நுகர்வோர் இல்லை என்று தீர்ந்தது. ஆனால் பிழைப்புக்காக லேத் மாதிரி ஒரு மெஷின் வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேர் வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வியாபார நோக்கம்தான் என்று சொல்பவர் அதை முதலில் நிரூபிக்கவேண்டும் என்று 2024-ல் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது.

மேனேஜர் வைத்து, பத்து மெஷின் போட்டு நடத்தும் ஃபேக்டரிக்கு இது உதவாது. அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். நான் பேனல் சாவில் நின்று பலகை தள்ளுகிறவன், கூட இரண்டு பையன்கள். ஜிஎஸ்டி நம்பர் இருப்பதை வைத்து எதிர்வாதம் வரும், வரட்டும். நான் எப்படி வாழ்கிறேன் என்பதுதான் அங்கே கேள்வி.

மெஷின் விலை 3,40,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 4,01,200. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. வாங்கினவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதாவது திண்டுக்கல்லிலேயே. கோயம்புத்தூருக்கு அலையவேண்டாம். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தால் அவர்களே டீலரிடம் பேசிப் பார்ப்பார்கள்.

பதிவுத்தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். நானே எழுதினது, தமிழில், இரண்டு பக்கம். கொட்டேஷன், பிளேட் படம், வாட்ஸ்அப் பதில், சர்வீஸ் ரிப்போர்ட், ரீவைண்டிங் அண்ணன் எழுதின தாள், வெளியே அறுத்த பில்கள் எல்லாம் நகலாக இணைத்தேன். 15 நாள் கெடு.

2025 ஜூலை 2, புதன்

டீலரே போன் செய்தார், முதல் தடவையாக. மோட்டார் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஆரம்பித்தார். 415 வோல்ட் மோட்டார், முழுக்க அவர் செலவு, மாட்டுவதும் அவர் ஆள் என்று சாயங்காலம் ஒப்புக்கொண்டார். வெளியே அறுத்த கூலியைத் தரமாட்டேன் என்று கடைசிவரை நின்றார்.

அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்க மனசு ஆறவில்லை. ஆணையத்தில் மூன்று மாதத்தில் முடியவேண்டும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும். அதுவரை மெஷின் ஓடாது. கூலியை விட்டுவிட்டு மெஷினை ஓடவைப்பது என்று முடிவெடுத்தேன்.

அவர் அனுப்பின சமாதானக் கடிதத்தில் "இந்த மெஷின் குறித்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி. அதை அடித்துவிட்டு "மெயின் மோட்டார் எரிந்தது குறித்து மட்டும்" என்று மாற்றி, புது மோட்டாருக்கு மாட்டின நாளிலிருந்து 12 மாதம் என்றும் சேர்த்து அனுப்பினேன். கையெழுத்தாகி வந்துவிட்டது.

2025 ஜூலை 9, புதன்

புது மோட்டார் மாட்டியாயிற்று. இங்கேயே செய்தது, பிளேட்டில் 415. வெறுமனே ஓட 3.4 ஆம்பியர், பிளை அறுக்கும்போதும் பிளேட் அளவுக்குள்தான். ஒரு மணி நேரம் அறுத்தபின் பாடியில் கை வைத்தால் எடுக்கத் தேவையில்லை. ரீடிங் எல்லாம் எழுதி, வந்த தம்பியிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கிச்சன் வேலைக்குப் பாக்கி ஷீட்டுகளை மத்தியானமே அறுத்துவிட்டோம்.

மைக்கா பிசிறாமல் முதலில் கீறிவிடும் ஸ்கோரிங் பிளேடின் சின்ன மோட்டாரும் 380 தான். அது இன்னும் எரியவில்லை, ஆனால் கொட்டேஷன் அதற்கும் சேர்த்துத்தான் 415 என்கிறது. அதையும் மாற்றித் தரச் சொல்லி இன்று எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.