போல்டர் குறிப்புகள்

ஜூலை 21, 2024

போல்டரில் நடக்கும் ஸ்கவுட் மாநாட்டுக்காகச் சீருடைச் சட்டையில் பேட்ச் தைக்க உட்கார்ந்தேன். எங்கள் கிளையை லாட்ஜ் என்பார்கள். லாட்ஜ் பேட்ச் வலது பாக்கெட் மூடியின் மேல் வர வேண்டும். அதைப் பாக்கெட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பாக்கெட் திறக்காது. மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "கோணலா இருக்கு" என்றான். தைத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

நீலகிரியில், அம்மா இருக்கிற தேவாலாவில் நல்ல மழையாம். "எப்பவும் பேயுற மழைதான் கண்ணு" என்கிறாள் அம்மா.

ஜூலை 24

இளையோர் பாதுகாப்புப் பயிற்சியை மறுபடியும் முடித்தாயிற்று. எங்கள் குழுவில் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். அப்படி வந்தால் 21 வயது நிரம்பிய, பதிவு செய்த பெண் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். "அதான் நீங்க இருக்கீங்களே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்கும் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. இன்னொரு பெரியவரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரு அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு 'ஓவர்' என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. 2020 பிப்ரவரியில் எங்கள் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு திவால் மனு போட்டபோது, சின்ன வயதில் தங்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லி 82,000 பேருக்கு மேல் வந்தார்கள். இழப்பீட்டு நிதி சுமார் 246 கோடி டாலர். இதற்கு மேல் என்ன ஓவர்?

ஜூலை 25

அம்மாவிடம் கோயம்புத்தூருக்குப் போய்த் தம்பி வீட்டில் இருக்கச் சொன்னேன். கோழி இருக்கிறதாம்.

ஜூலை 27

மகன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டானாம். சரி.

ஜூலை 28

டல்லாஸிலிருந்து கிளம்பும்போது இருட்டு. அமரில்லோ தாண்டியும் தரை தட்டையாகவே கிடந்தது. இத்தனை வருஷம் டெக்ஸஸில் இருந்தும் இந்தத் தட்டை எனக்குப் பழகவில்லை. கண்ணுக்குப் பிடிமானமே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ராட்டன் கணவாயில் பஸ் ஏறத் தொடங்கி காது அடைத்ததும்தான் ஊருக்குப் போகிற மாதிரி இருந்தது. குன்னூர் பஸ்ஸில் போனால் இந்நேரம் யாராவது வாந்தி எடுத்திருப்பார்கள். இங்கேயும் ஒரு பையன் எடுத்தான். பிளாஸ்டிக் பை கொடுத்துத் துடைத்துவிட்டேன். அவன்தான் ஆஸ்துமா பையன். இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். பெட்டிக்குள் இருக்கிறதாம். பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள். அடுத்த நிறுத்தத்தில் டிரைவரைக் கெஞ்சி எடுக்க வைத்தேன்.

ஜூலை 29

வந்து சேர்ந்தோம். கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் வளாகம். மணல் நிறக் கல் சுவர்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள். நிமிர்ந்தால் மேற்கே ஃபிளாட்அயர்ன்ஸ் பாறைகள் சாய்ந்து நிற்கின்றன. ஓட்டுக் கூரையையும் மலையையும் ஒன்றாகப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. பதிவு மேசைப் பையன் அதை உயரத்தின் கோளாறு என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னான். இந்த இடம் 5,430 அடி. கூடலூரைவிட உயரம், ஊட்டியைவிடத் தாழ்வு. "எனக்கு இதெல்லாம் பழக்கம்ப்பா" என்று அவனிடம் சொல்ல முடியவில்லை. குடித்தேன்.

எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பட்டையும் சிவப்பு அம்பும். ஸ்கவுட்டுகளின் கௌரவச் சங்கமான ஆர்டர் ஆஃப் தி ஆரோவின் தேசிய மாநாடு என்பது என்ன என்று இப்போதுதான் புரிகிறது. பட்டை மாட்டிய பிள்ளைகள் தெரு முழுக்க, பேட்ச் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எதையும் பெரியவர்கள் நடத்துவதில்லை. 21 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பதவியும் ஓட்டும். எங்கள் லாட்ஜ் சீஃப் பதினெட்டு வயதுப் பையன். அறைச் சாவியை எனக்குக் கொடுத்ததே அவன்தான். நான் ஆலோசகர். ஆலோசகரின் வேலை, கேட்டால் சொல்வது. கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

இரவு. தொடக்க விழாவில் விளக்குகள் அணைந்து, பிள்ளைகள் கத்திய கத்தலில் இருக்கை அதிர்ந்தது. அப்போது போனும் அதிர்ந்தது. தம்பி. எடுக்கவில்லை. மறுபடியும் தம்பி. அப்புறம் குடும்ப வாட்ஸ்அப்பில் வரிசையாக: வயநாட்டில் நிலச்சரிவு, முண்டக்கை, சூரல்மலை, மேப்பாடி.

ஜூலை 30

அம்மா போன் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் மணியே அடிக்கவில்லை.

இங்கே இரவென்றால் அங்கே பகல். வெளிச்சம் வந்த பிறகும் ஏன் எடுக்கவில்லை என்று ராத்திரி முழுக்க ஒரே யோசனை. டவர் விழுந்திருக்கும். கரண்ட் இருக்காது. சார்ஜ் இருக்காது. ஒவ்வொன்றையும் நானே சொல்லி நானே நம்பிக்கொண்டேன். பந்தலூர், சேரம்பாடி வழியாகப் போனால் மேப்பாடி. சின்ன வயதில் கல்யாணத்துக்கு அந்த வழியாகத்தான் ஜீப்பில் போனோம். மலைக்கு மாநில எல்லை தெரியுமா என்ன? அங்கே பெய்த மேகம்தானே இங்கேயும்.

தம்பி சொன்னான்: "அக்கா, நீ பதறாதே. நான் பக்கத்து வீட்டு சேச்சிக்கு ஆள் மூலமா சொல்லி விட்டிருக்கேன்." பதறாதே என்று சொல்கிறவர்கள் பதறுகிற குரலில்தான் சொல்கிறார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு வரிசை. தலை எண்ணினேன், சரியாக இருந்தது. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினேன். முதல் வகுப்பில் ஒரு பையன், என் மகனைவிட ஒரு வயது கூட இருந்தால் அதிகம், புதிதாகச் சேர்ந்தவர்களை எப்படித் தக்கவைப்பது என்று விளக்கினான். நன்றாகவே பேசினான். பின்வரிசையில் உட்கார்ந்து அவன் வாயசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு சேச்சியின் எண்ணிலிருந்து அழைப்பு. வராந்தாவுக்கு ஓடினேன். அம்மா! "மழை சத்தத்துல தூக்கமே இல்ல. கோழிய எல்லாம் சமையக்கட்டுக்குள்ள விட்டுட்டேன். நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான். கட்.

அழுதுவிட்டேன். ஒரு பெரியவர், பட்டையில் விஜில் என்னும் உயர் கௌரவத்தின் முக்கோணம் இருந்தது, கைக்குட்டையை நீட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மதியத்துக்கு மேல் வடக்கே புகை. லவ்லண்ட் பக்கம் நேற்றே காடு பற்றிவிட்டதாம். இன்று லயன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று. சூரியன் ஆரஞ்சாக இருக்கிறது. பிள்ளைகள் போட்டோ எடுக்கிறார்கள். நான் ஆஸ்துமா பையனைத் தேடிப் போனேன். "பாக்கெட்ல இருக்கு மேடம்" என்று கேட்கும் முன்பே தட்டிக் காட்டினான்.

ஜூலை 31

புகை. லயன்ஸில் ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி. தெற்கே ஜெஃபர்சன் கவுண்டியிலும் தீ. ஊரில் மண்ணும் தண்ணீரும் ஆளைக் கொண்டுபோகிறது, இங்கே ஒரு சொட்டு இல்லாமல் எரிகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா இன்றும் பேசினாள். கோயம்புத்தூருக்குப் போக மாட்டாளாம். "எல்லாரும் போயிட்டா யாரு இருக்கறது?" என்று கேட்கிறாள். இதற்கு என்ன பதில்?

பிற்பகல் வளாகத்தில் தனியாக நடந்தேன். ஒரு விடுதியின் பெயர் செயென் அரபஹோ ஹால். முன்பு அது நிக்கல்ஸ் ஹால். 1864 நவம்பரில் சாண்ட் கிரீக்கில் செயென், அரபஹோ மக்களைக் கொன்ற படையில் கேப்டனாக இருந்தவர் அந்த நிக்கல்ஸ். மாணவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 1989-இல் பெயரை மாற்ற வைத்தார்கள். அந்தப் படையின் ஒரு பிரிவு பயிற்சி எடுத்தது போல்டருக்குக் கிழக்கே, கோட்டை சேம்பர்ஸில். நாங்கள் லெனாப்பே பழங்குடியினரின் மொழியில் உறுதிமொழிச் சொற்களை வைத்துக்கொண்டு, லாட்ஜுக்குப் பழங்குடிப் பெயர் சூட்டிக்கொண்டு, இந்தக் கட்டடத்தைத் தாண்டிச் சாப்பிடப் போகிறோம். பிள்ளைகளில் சிலர் இதைப் பற்றிக் காரமாகவே பேசுகிறார்கள். பெரியவர்கள் 'மரபு' என்கிறார்கள். எனக்குப் பிள்ளைகள் பக்கம்தான் சரியாகப் படுகிறது. ஆலோசகரை யாரும் கேட்கவில்லை.

ராத்திரி பேட்ச் சந்தை. நடைபாதை நெடுகத் துண்டையும் போர்வையையும் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் ஒரு பேட்ச்சைத் திருப்பி, பின்பக்கத் தையலை விரல் நகத்தால் நிரடிப் பார்த்து, "இது மறுபதிப்பு" என்று திருப்பிக் கொடுத்தாள். புடவைக் கடையில் ஜரிகையைத் திருப்பிப் பார்க்கும் என் அத்தைதான். எங்கள் குழுவில் பெரியவர்கள் பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ளக் கூடாது, எனவே வேடிக்கை மட்டும். மே மாதம் பாய் ஸ்கவுட்ஸ் பெயர் மாற்றத்தை அறிவித்ததிலிருந்து பழைய பெயர் போட்ட எதற்கும் கிராக்கி. அடுத்த பிப்ரவரியிலிருந்து 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா'. ஒரு தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போதே முகத்தைச் சுளித்தார்.

மகன் வந்து நின்றான். "பாட்டி ஓகேவா? ஏன் சொல்லல?" யாரோ செய்தியைக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 1

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்கே எழுந்து செய்தி பார்த்தேன். சூரல்மலையில் ராணுவம் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டது. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், இரும்புத் துண்டுகளைப் பூட்டிக் கட்டும் 190 அடி பெய்லி பாலம். வண்டி கடக்கும் வீடியோவைச் சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டினேன். கயிறும் கழியும் வைத்துப் பாலம் கட்டுகிற பிள்ளைகள் இல்லையா, விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் போகாமல் முதல் முனையை எப்படிக் கொண்டுபோவார்கள்? ஒரு பையன் கரண்டிகளை வரிசையாக அடுக்கி, மேசை விளிம்பைத் தாண்டித் தள்ளிக் காட்டினான். பின்பக்கம் கனம் இருக்கும்வரை கவிழாது. கவிழ்ந்தது. சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு உடனே சங்கடமாகவும் இருந்தது.

மகன் சிரிக்கவில்லை. போனில் எதையோ பெரிதாக்கிக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, ஆமாம், பக்கத்தில், உட்கார்ந்து காட்டினான். தேவாலாவின் உயரக்கோட்டு வரைபடம். பாட்டி வீட்டை அவனே கண்டுபிடித்திருக்கிறான். கோயில், வளைவு, அதற்கு மேல் வீடு. வீட்டுக்குப் பின்னால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. முன்பக்கம் விலகிக் கிடக்கின்றன. அந்த நெருக்கத்தின் மேல் விரலை வைத்து, "இது செங்குத்து. பாட்டி ரூம் எந்தப் பக்கம்?" என்றான்.

பின்பக்கம். நான் பிறந்து வளர்ந்த அறை. ஜன்னலைத் திறந்தால் மண் திட்டு, பாசி, பெரணி. சின்ன வயதில் கையை நீட்டிப் பெரணியைப் பறிப்போம். கை எட்டுகிற தூரத்தில் மலை நிற்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சேச்சி எண்ணுக்குப் போட்டோம். அவனே பேசினான், அவனுடைய உடைந்த தமிழில். "பாட்டி, பின்னாடி ரூம்ல தூங்க வேண்டாம். முன்னாடி தூங்கு. ப்ளீஸ். மேப் பாத்தேன்." அம்மா ஏதோ கேட்டாள். "ஆமா, மேப்ல வீடு தெரியுது" என்றான். அப்புறம் போனை என்னிடம் கொடுத்தான். அம்மா குரலில் அவ்வளவு பெருமை. "பேரன் சொல்லிட்டான், கட்டில முன்னாடி ரூமுக்குப் போடச் சொல்றேன். அவனுக்கு நம்ம வீடு தெரியுதாமே!"

நான் சொன்னபோதெல்லாம் கோழி, மாடு, யாரு இருக்கறது. பேரன் ஒருமுறை சொன்னான், கட்டில் நகர்கிறது. சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

மதியம் மாணவர் மைய உணவகம். பெயர் ஆல்ஃபர்ட் பேக்கர் கிரில். 1874 குளிர்காலத்தில் கொலராடோ மலையில் சிக்கி, கூட வந்தவர்களைத் தின்று பிழைத்த ஆள் அவர். மாணவர்கள் 1968-இல் குறும்பாக வைத்த பெயராம். அவர் பெயருக்குக் கீழே உட்கார்ந்து நான் பீன்ஸ் புரிட்டோ சாப்பிட்டேன். சைவம் என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான்.

ஆகஸ்ட் 2

புகை குறைந்திருக்கிறது. இன்ஹேலர் பையன் எனக்கு ஒரு பேட்ச் கொண்டுவந்தான். வாங்கக் கூடாது என்று விதியைச் சொன்னேன். சீஃபிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "பரிசு, மாற்று இல்லை" என்றான். பிள்ளைகள் வக்கீலாகப் போவார்கள்.

நிறைவு விழா. 1915-இல் டெலவேர் ஆற்றிலுள்ள ட்ரெஷர் ஐலண்ட் முகாமில் குட்மனும் எட்சனும் இந்தச் சங்கத்தைத் தொடங்கியதை மறுபடியும் சொன்னார்கள். கைக்குட்டைப் பெரியவர் பக்கத்து இருக்கையில். இந்தக் கூட்டம் முதன்முதலில் கல்லூரி வளாகத்துக்கு வந்தது 1948-இல், இந்தியானா பல்கலைக்கழகத்தில் என்றார். அவர் அப்பா அங்கே போயிருந்தாராம். "உங்கள் அம்மா?" என்று கேட்டார். கட்டில் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

தம்பி மெசேஜ்: நாடுகாணி வழியாகப் போக முடியுமா பார்க்கிறேன், காலையில் கிளம்புகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

ஆகஸ்ட் 3

சொல்லவில்லை. அம்மாவே கேட்டாள்: "அவன் வர்றானா?" எப்படித்தான் தெரியுமோ. வந்தாலும் போக மாட்டாளாம். கோழியைக் காரில் ஏற்றினால் யோசிப்பாளாம். தம்பியிடம் கேட்டேன். "ஏத்தறேன், என்ன பண்றது" என்கிறான்.

பஸ் கொலராடோவின் டிரினிடாட் ஊரைத் தாண்டியிருக்கிறது. மகன் நாலு வரிசை முன்னால், தூங்குகிறான். பெட்டியெல்லாம் வயிற்றுக்குள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது: இன்ஹேலர். எழுந்து போய்க் கேட்கப் போகிறேன்.