அம்மா மனிதர்தான் என்று நிரூபிக்க முக்கால் மணி நேரம்

நேற்று சாயங்காலம் கோத்தகிரி வீட்டில் அம்மாவுக்காக ஒரு இணையப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். வெளியே நல்ல மூடுபனி, சிக்னல் ஒரே கோடு. எல்லாம் முடிந்து கடைசியில் 'நான் ரோபோ இல்லை' கட்டம், அப்புறம் ஒன்பது படங்கள், தீயணைப்புக் குழாய் இருப்பதையெல்லாம் தொடச் சொல்கிறது. அமெரிக்கத் தெருவோரம் நிற்கும் அந்தக் குட்டைக் குழாயை அம்மா வாழ்நாளில் பார்த்ததில்லை. கண்புரை அறுவை செய்த கண்ணோடு போனை மூக்கருகே பிடித்து, "இது தபால் பெட்டியாடா?" என்று கேட்டார். நாலு முறை தப்பு. ஐந்தாவதில் நேரம் முடிந்து படிவமே போய்விட்டது.

மனிதனுக்கு எளிது, இயந்திரத்துக்குக் கடினம், இதுதான் கேப்ட்சாவின், அதாவது மனிதரா இயந்திரமா என்று பிரிக்கும் இந்தச் சோதனையின் அடிப்படை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் குழுவினர் வளர்த்தெடுத்தது. அந்த அடிப்படை இப்போது ஆடிப்போய்விட்டது. 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 1,400 பேரை 14,000 கேப்ட்சாக்கள் தீர்க்க வைத்துப் பார்த்தார்கள். பாட்கள், அதாவது தானாக இயங்கும் மென்பொருள்கள், மனிதரைவிட வேகம், துல்லியமும் அதிகம். அடுத்த வருடமே சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூகுளின் படக் கேப்ட்சாவை 100 சதவீதம் தீர்க்கும் மென்பொருளைக் காட்டிவிட்டார்கள்.

அப்போது இந்தச் சோதனையில் மாட்டுவது யார்? அம்மா மாதிரி ஆட்கள்தான். ஒலி வழியும் இருக்கிறது, சரி, ஆனால் இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலம் பேசுகிறது. படிவம் தயாரிப்பவர்கள் ஒருமுறையாவது கண் மங்கிய ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும், உண்மையாகவே கேட்கிறேன்.

காலையில் பனி விலகியதும் மறுபடி உட்கார்ந்தோம். பேருந்துப் படம் வந்தது, அம்மாவே தொட்டு முடித்துவிட்டார்.