கொரிய ‘யோ’வும் நம்ம ஊர் ‘ங்க’வும்

போன வாரம் மதிப்பெண் வந்தது. கேட்டல் 84, வாசிப்பு 82, மொத்தம் 166. டோப்பிக் I என்ற தொடக்கநிலைக் கொரிய மொழித் தேர்வில் இரண்டாம் நிலைக்கு 140 போதும். பார்த்ததும் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போன முறை இதே தேர்வில் 126. வாசிப்பு 76, கேட்டல் வெறும் 50. தென்கொரியாவின் தேகு நகரத்தில் ஒன்றரை வருடம் குடியிருந்த பிறகு அந்த 50-ஐப் பார்த்தது ரொம்ப வலித்தது. முதல் நிலை கிடைத்ததே என்று நண்பர்கள் தேற்றினார்கள். எனக்குத் தேறவில்லை.

என்ன தப்பு நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கொரிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படித்தேன். செயலி ஆங்கிலம், பாடப்புத்தக விளக்கம் ஆங்கிலம், என் நோட்டில் வலது பக்கம் முழுக்க ஆங்கில அர்த்தம். அதனால் ஒலிப்பதிவு ஓடும்போது பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதிக் கதையை நானே கட்டினேன். ‘நாளைக்கு’ காதில் விழுந்தது, ‘பூசான்’ விழுந்தது, ‘ரயில்’ விழுந்தது. ஆள் நாளைக்கு ரயிலில் பூசான் போகிறான் என்று குறித்தேன். அவன் சொன்னது ‘கார்யொகோ ஹென்னுந்தே’. அதாவது, “போகலாம்னு இருந்தேன், ஆனா…” போகவே போவதில்லை. வாக்கியத்தின் வால் முழுக்க வினையில் இருந்தது, நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்படியே நாலைந்து கேள்விகள் போயின.

மாற்றம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஆறே மேசை போட்ட கடை. நடத்துகிற அம்மாவை எல்லோரும் ‘இமோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் கூடப் பிறந்தவள் என்று பொருள். ஒரு நாள் சூப் தீர்ந்துவிட்டது என்றார். நான் “வே?” என்றேன். ஏன் என்று கேட்டதாக நினைப்பு. கையில் இருந்த கரண்டி அப்படியே நிற்க, என்னை ஒரு நொடி பார்த்தார். பக்கத்தில் இருந்த ஆய்வக ஜூனியர் மெதுவாக, “வேயோ” என்று திருத்தினான்.

நான் பெருந்துறைக்காரன். சின்ன வயதில் பெரியவர்களிடம் ‘ஏன்’ என்று கேட்டால் அப்புச்சி விடமாட்டார். “ஏனுங்கன்னு சொல்லு சாமி” என்பார். அந்தக் குரல் அந்தக் கடையில் எனக்குக் கேட்டது. வே என்றால் ஏன். வேயோ என்றால் ஏனுங்க. ஒன்றரை வருடமாக இலக்கண விதியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த ‘யோ’, நான் பிறந்ததில் இருந்து பேசிக்கொண்டிருந்த ‘ங்க’.

எதோடு வேண்டுமானாலும் ஒட்டும் என்பதுவரை ஒற்றுமை. ஜொயோ? என்றால் நானுங்களா? ஓதியோ? என்றால் எங்கீங்க? கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் முரியோ, அதாவது தண்ணிங்க. முழு வாக்கியம் தெரியாவிட்டாலும் ஒற்றைச் சொல்லோடு ‘யோ’ சேர்த்தால் மரியாதையான பதில். அன்றைக்கு ராத்திரியே புது நோட்டு போட்டேன். வலது பக்கம் ஆங்கிலம் கிடையாது. எங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழ் மட்டும்.

மொகொ போசேயோ: சாப்பிட்டுப் பாருங்க. (‘போ’ என்பதும் பார்க்கிற ‘பார்’தான்!)
ச்சிகொ ஜுசேயோ: போட்டோ எடுத்துக் குடுங்க.
ஷிகானி ஒப்ஸொயோ: நேரமில்லீங்க.
தான்யொ ஓகெஸ்ஸும்னிதா: போயிட்டு வர்றேனுங்க.
ஒஜே மன்னான் சாராம்: நேத்து பார்த்த ஆளு.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் ‘ஆள்’ முன்னால் வந்து, ‘நேற்று பார்த்தது’ பின்னால் தொங்கும். திருப்பிப் போடுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். நமக்குத் திருப்பவே வேண்டாம். பெயரெச்சம் அவர்களுக்கும் பெயருக்கு முன்னால்தான். வினையெச்சமும் அப்படித்தான். காபிக் கடையில் ‘துசிகோ காசேயோ?’ என்பார்கள். ‘காசேயோ’ மட்டும் கேட்டு, போறீங்களா என்கிறார்கள் என்று நினைத்து “ஆமாங்க” என்பேன். பீங்கான் கோப்பையில் காபி வரும். “சாப்பிட்டுட்டுப் போறீங்களா?” என்பதுதான் கேள்வி. வினையெச்சத்தோடு சேர்த்துக் கேட்கப் பழகிய நாளிலிருந்து காபி காகிதக் கோப்பையில் வருகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, அப்பா இரண்டும் கொரிய மொழியிலும் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களில் நேரத்தைப் போக்காதீர்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஜப்பானிய மொழி, துருக்கிய மொழி எல்லாமே வினையைக் கடைசியில் வைக்கிறவைதான். நமக்கு உறவுமுறை தேவையில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதே பெரிய வரம், அதைப் பயன்படுத்துங்கள்.

உச்சரிப்பு. வாயைக் குவிக்காத அந்த ‘உ’ பலருக்குத் தகராறு. ஆறு, காசு என்று சொல்லி முடிக்கும்போது வருகிற குற்றியலுகரம்தான் அது. சொல் முதலில் க, இரண்டு உயிருக்கு நடுவில் மெலிந்த க என்பதும் நம் ‘காகம்’ மாதிரியேதான். எழுதுவது ‘பப்’ (சோறு) என்றாலும் ‘மொகொஸ்ஸொயோ’ பின்னால் வந்தால் ‘பம் மொகொஸ்ஸொயோ’ ஆகிவிடும். நாள் மலர் நாண்மலர் ஆவதுபோல மெல்லினம் வந்து மாற்றுகிறது. இந்தப் புணர்ச்சி தெரியாததால்தான் தெரிந்த சொல்கூடக் காதில் சிக்காமல் போகிறது. (‘பம் மொகொஸ்ஸொயோ?’ என்றால் “சாப்பிட்டீங்களா?” நம் ஊர் மாதிரியே இங்கும் அது நலம் விசாரிப்பு.)

ஆனால் நிலா, முகமூடி, மகள் மூன்றுமே நம் காதுக்கு ‘தல்’. அவர்களுக்கு மூன்றும் வேறு வேறு ‘த’. இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், உங்கள் நோட்டில் ஒருபோதும் இப்படி எழுதாதீர்கள். கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் அடிப்படை எழுத்து 24தான், ஒரு சனி ஞாயிறு போதும்.

தமிழ் காலை வாரிவிடும் இடங்கள்:

‘காஸ்ஸொயோ’ என்றால் போனேன், போனாள், போனோம் எல்லாமே. விகுதியில் ஆளைத் தேடும் பழக்கம் நமக்கு. இங்கே கிடைக்காது. யார் பேசுகிறார்கள் என்பதை உரையாடலின் முதல் வரியிலேயே பிடித்துவிடுங்கள்.
“சாப்பிடலையா?” என்றால் நாம் “இல்ல” என்போம். அவர்கள் “நே” என்பார்கள், ஆமாம் சாப்பிடவில்லை என்று. கேட்டலின் முதல் நான்கு கேள்விகளில் இதில் ஏமாறாதீர்கள்.
‘கென்சானாயோ’ பரவாயில்லை என்றும் வரும், வேண்டாம் என்றும் வரும். கடையில் பை வேண்டுமா என்றதற்கு வந்தால், வேண்டாம்.
எண்கள் இரண்டு வகை: மணிக்கு நாட்டு எண், நிமிடத்துக்குச் சீனவழி எண். மூன்றரை என்றால் சே ஷி சம்ஷிப் புன்.
பணத்தில் லட்சம் கிடையாது. ‘மன்’ என்றால் பத்தாயிரம், நம் லட்சம் அவர்களுக்குப் பத்து மன்.

எண்களை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, சொமுன் சந்தையில். துணிக்குப் பேர்போன சந்தை. ஈரோட்டு ஜவுளிச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு கடையிலும் விலை கேட்பேன். ‘சம்மன் ஓச்சொன்’ என்றதும் 35,000 என்று மனதுக்குள் எழுதிப் பார்ப்பேன். எட்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாங்கியது இரண்டு துண்டும் ஒரு போர்வையும்.

கூச்ச சுபாவம் இருந்தால் மொழிப் பரிமாற்ற நண்பரைத் தேடி அலைய வேண்டாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு சந்திப்பில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டோம். ஒரே கடை, ஒரே நேரம், தினமும். இதுதான் எனக்குப் பலித்தது. இமோவிடம் ஒரு நாளைக்கு ஒரு புது வாக்கியம் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். அவர் பேசுவது தேகு வழக்கு, “பம் முகொன்னா?” (சாப்பிட்டியா?) என்பார். தேர்வில் அது வராது. ஆனால் அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு, தேர்வில் நிறுத்தி நிதானமாகப் படிக்கும் குரல் தெளிவாக விழும்.

தேர்வு நாளுக்கு:

கேட்டலும் வாசிப்பும் சேர்ந்து 100 நிமிடம், நடுவில் இடைவேளை இல்லை.
ஒலிப்பதிவு இரண்டு முறை வரும். முதல் முறை பேனாவைத் தொடாதீர்கள், வாக்கிய முடிவுகளை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை குறியுங்கள்.
கேட்டலில் 22 முதல் 24 வரை, உரையாடலில் பேசும் பெண்ணின் முக்கியக் கருத்து என்ன என்ற கேள்விகள். அவள் கடைசியாகச் சொல்வதில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். போன முறை மூன்றும் போச்சு, இந்த முறை மூன்றும் சரியாக வந்ததாகத் தோன்றியது.
வாசிப்பில் 57, 58 வரிசைப்படுத்தும் கேள்விகள். மாட்டிக்கொண்டால் தாண்டிப் போய்விடுங்கள், 59-க்குப் பிறகு ஒரே பத்திக்கு இரண்டு கேள்வி வீதம் காத்திருக்கிறது.
விடைத்தாளைக் கடைசியில் குறிக்கலாம் என்று மிச்சம் வைக்காதீர்கள். போன முறை 69, 70 இரண்டுக்கும் விடை தெரிந்திருந்தும், பேனா வைப்பதற்குள் தாளை வாங்கிவிட்டார்கள்.