சென்னைக்குப் போகும் பூனைக்குக் கூண்டு பழக்குவது

டிக்கெட் போடும் முன்பே கூண்டை வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து எங்கள் பூனையைச் சென்னைக்குக் கொண்டுபோனபோது, காகித வேலையைவிடக் கூண்டு வேலைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் பூனைக்குப் பழக்கமான பொருள் அது ஒன்றுதான்.

அளவுக்கு ஐயாட்டா (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) விதியைப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, தரையிலிருந்து முன்காலின் முழங்கைவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு அகலம். நிற்கும்போது தலை உச்சியா காது நுனியா, எது மேலே இருக்கிறதோ அதுவே உயரம். விரிப்பின் தடிமனையும் சேருங்கள். பெர்ஷியன் மாதிரி சப்பை மூக்கு இனம் என்றால் 10 விழுக்காடு பெரிதாக வேண்டும். சில விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைக் கூண்டுகளின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கிளிப்தான் பிடித்திருக்கும். தூக்கும்போது அது தெறிக்கலாம். உலோக போல்ட், நட்டு போட்டு முடுக்குங்கள். கதவு கம்பிக் கதவாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது கதவின் உட்புறம் மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, பிறகு மெல்ல உருகும்.

பழக்குவதற்குச் சில வாரமாவது ஒதுக்குங்கள். முதலில் கீழ்ப்பாதியை மட்டும் ஹாலில் போட்டு, பூனை படுக்கும் பழைய துணியை விரித்து, சாப்பாட்டை அதிலேயே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கியபின் மேல்பாதி, அப்புறம் கதவு, அப்புறம் கதவைச் சில நிமிடம் சாத்துவது. காதைப் பின்னுக்கு மடக்கினாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ ஒரு படி பின்னால் போங்கள். கடைசியாக லிஃப்டில் இறக்கி புளோக்கின் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம், பிறகு காரில் ஒரு சுற்று.

மயக்க மருந்து வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மந்தமாகும், கூண்டு சாயும்போது பூனையால் உடலை நிலைப்படுத்த முடியாது.

காகிதத்தில் வரிசைதான் முக்கியம்: மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) முதலில், ரேபிஸ் எனும் வெறிநோய்க்கான தடுப்பூசி அதற்குப் பிறகு. ஊசியைப் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். மருத்துவரை சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லி, 15 இலக்கத்தையும் சான்றிதழோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இங்கே சிங்கப்பூரில் ஏவிஎஸ் எனும் அரசு விலங்கு மருத்துவச் சேவையின் ஏற்றுமதி உரிமம், அங்கே இந்தியாவில் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு என்பதால் திரும்பி வரும் விதிகள் கடுமை. திரும்பும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே விசாரியுங்கள்.

கிளம்பும் நாளில் நாலைந்து மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு. போய்ச் சேர்ந்ததும் சிறிய அறையில் கூண்டைத் திறந்து வைத்து, தண்ணீரும் மண் தட்டும் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால், அதிலும் ஆண் பூனை என்றால், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.