வாலு, பஞ்சு, இரண்டு கூண்டு

ஜூன் 4

நாய்க்குட்டிகள் வந்தாச்சு. ஒரே ஈற்றில் பிறந்தவை, 8 வாரம் ஆகிறது. பெண் வாலு, ஆண் பஞ்சு. கூடப்பிறந்த இரண்டைச் சேர்த்து வளர்க்காதே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று துணை கிடைத்துவிட்டால் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் இன்றைக்கே இரண்டு கூண்டு, இரண்டு தட்டு. வெளியே கூட்டிப்போவதும் தனித்தனியாகத்தான். வேலை இரட்டிப்பு, தெரிந்தேதான் இறங்கியிருக்கிறேன்.

கூண்டுகள் வளர்ந்த நாய்க்கான அளவு. உள்ளே தடுப்பு போட்டு, தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க மட்டும் இடம் விட்டிருக்கிறேன். "பாவம், இன்னும் கொஞ்சம் தாராளமா விடக்கூடாதா?" என்றாள் அக்கா. தாராளமாக விட்டால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் மூத்திரமும் மலமும் போய்வைக்கும். பிறந்து முதல் 3 வாரம் குட்டியால் தானாகப் போக முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், அவளே சுத்தமும் செய்துவிடுவாள். பிறகு கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், தூங்கும் இடத்தை விட்டுத் தள்ளாடித் தள்ளிப் போகப் பார்க்கும். கூண்டை வைத்து வெளியே போகப் பழக்குவது முழுக்க அந்தப் புத்தியை நம்பித்தான். குறுகின அடைப்பிலேயே போய், அதிலேயே படுத்து வளர்ந்த குட்டிகளுக்கு இது மழுங்கிப்போயிருக்கும். நல்லவேளை, இவை அப்படி இல்லை.

ஜூன் 5

தூக்கம் போச்சு. இரண்டு கூண்டும் என் கட்டிலை ஒட்டி. வாலு நேற்று வரைக்கும் தாய் வயிற்றில் தலை வைத்துத் தூங்கியவள், தனியாகப் படு என்றால் கத்தாமல் என்ன செய்வாள்? கம்பிக்குள் விரலை விட்டேன், முகர்ந்து பார்த்துவிட்டு அடங்கினாள். பக்கத்து அறையில் போட்டுக் கதவைச் சாத்தி 'கத்தி ஓயட்டும்' என்று விடுவது எனக்கு ஒப்பாது.

படுத்தவுடன் கத்தினால் துணைக்கு. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது நடுராத்திரியில் எழுந்து, இடம் கொள்ளாமல் திரும்பித் திரும்பி முனகினால் மூத்திரம் முட்டுகிறது. அப்போது யோசிக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். பேச்சு இல்லை, கொஞ்சல் இல்லை, பெரிய விளக்கு இல்லை. போனதும் திரும்பக் கூண்டு. ராத்திரியில் விளையாட்டு உண்டு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் தினமும் அந்த நேரத்துக்கு எழுப்பும்.

எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். அது உச்சவரம்பு, அதுவும் படுத்துக் கிடந்தால். விழித்து ஓடியாடும்போது அதில் கால்வாசிகூட நம்ப முடியாது.

ஜூன் 7

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆட்டம் போட்டு ஓய்ந்ததும். இந்த மூன்று நேரமும் கேள்வியே கேட்காமல் வெளியே. வயிற்றில் சோறு இறங்கினதும் குடல் அசைய ஆரம்பிக்கும், குட்டிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் போய்விடும்.

பஞ்சு நல்ல பிள்ளை, முன்கூட்டியே சொல்லிவிடுவான். மூக்கைத் தரையோடு ஒட்டி, வால் அடி லேசாகத் தூக்கி, ஒரே இடத்தை வட்டம் அடிப்பான். வாலு அப்படியில்லை. பொம்மையைக் கடித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று விட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல சோபாவுக்குப் பின்னால் நடப்பாள். சத்தம் நின்றால் அதுதான் அவளுடைய அறிகுறி. இன்று முதல் அவள் கயிறு என் இடுப்பில்.

வெளியே என்பது பின்பக்கம், வேலிக்குள் இருக்கும் ஒரே மூலை. தெரு இப்போதைக்குக் கிடையாது. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசிகள் முடியாத குட்டியை ஊர்நாய்கள் போகிற இடத்தில் இறக்கிவிடுவது நெருப்போடு விளையாட்டு.

ஜூன் 8

மழை. பஞ்சு வாசல்படியில் நின்று ஈரப்புல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பி உள்ளே போனான். குடை பிடித்துக்கொண்டு மறுபடி கூட்டிப்போனேன். இந்த வயதில் மூத்திரம் போகும்போது காலடியில் எது படுகிறதோ அதுதான் பிறகு பழகும். இப்போது கால்மிதியில் பழகினால் வளர்ந்தும் கால்மிதியைத்தான் தேடும்.

ஜூன் 11

பெரியப்பா வந்திருந்தார். அவர் கண் முன்னாலேயே பஞ்சு கூடத்தில் மூத்திரம் போய்விட்டான்.

"மூக்கப் பிடிச்சு அதுலயே ஒரு தேய் தேய்ச்சு விடு, மறுபடி செய்வானா பாரு."

"செய்வான் பெரியப்பா, நம்ம கண்ணுல படாம செய்வான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதுதான் நடக்கும். போனதற்கும் தண்டனைக்கும் முடிச்சு போடத் தெரியாத குட்டிக்கு, 'மனுஷன் பக்கத்தில் இருக்கும்போது போனால் ஆபத்து' என்று மட்டும் பதியும். அப்புறம் வெளியே நம் பக்கத்தில் நின்றும் போகாது, உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் போகும். நடுவில் பார்த்தால் கைதட்டி அப்படியே தூக்கி வெளியே கொண்டுபோகலாம். முடிந்த பிறகு பார்த்தால் துடைப்பது மட்டும்தான் வேலை.

பரிசு விஷயத்திலும் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. பாதியில் "சபாஷ்!" என்று கத்தினால் மீதியை அடக்கிக்கொண்டு ஓடிவந்து, வீட்டுக்குள் வந்து முடிக்கும். கடைசிச் சொட்டு விழுந்ததும் அங்கேயே, அந்த நொடியே பிஸ்கட் துண்டு. உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குப் பரிசு என்றாகிவிடும். அதனால் என் சட்டைப் பை எல்லாமே நாய் பிஸ்கட் வாடை.

துடைப்பதற்கு அமோனியா கலந்த திரவம் வேண்டாம். குட்டி மூக்குக்கு அதுவும் மூத்திர வாடைதான். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மூத்திர வாடையைச் சிதைக்கிற என்சைம் திரவத்தை ஊற்றி ஊற விட வேண்டும். நமக்கு நாற்றம் போய்விட்டது என்பது கணக்கே இல்லை.

ஜூன் 15

கூண்டுக் கதவு. ஒரு வாரத்துக்கு மேலாக அது திறந்தே கிடக்கிறது பகலில். சாப்பாடு உள்ளே, பிடித்த பொம்மை உள்ளே. சாப்பிடும்போது மட்டும் மெல்லச் சாத்துவேன், தட்டை நக்கி முடிப்பதற்கு முன்னாலேயே திறந்துவிடுவேன். பிறகு நக்கி முடித்தும் கொஞ்ச நேரம். கத்திய பிறகு திறந்தால் கத்தக் கற்றுக்கொடுத்தோம் என்று அர்த்தம். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவது, கம்பியில் மாட்டினால் உயிருக்கே வினை.

பஞ்சு தூக்கம் வந்தால் தானாகவே போய்ச் சுருண்டுகொள்கிறான். இந்த வயதில் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்குகிற ஜீவன். சாயங்காலம் கண் மண் தெரியாமல் கடித்துக் குதறினால் பெரும்பாலும் அது தூக்கம்தான். வாலு மட்டும் வாசலில் முன்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்கால் வெளியே, உடம்பை நீட்டிப் பிஸ்கட்டை எட்டி எடுத்துவிட்டுப் பின்வாங்குகிறாள். பிடித்துத் தள்ளப் போவதில்லை. பிஸ்கட் தினம் ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

கூண்டு வாங்கினால் பழக்கம் தானாக வந்துவிடும் என்று நினைத்து, காலையில் அடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. கூண்டு எதையும் சொல்லித்தராது, அடக்க மட்டும் வைக்கும். திறந்ததும் வருகிற முதல் நிமிடத்தில் வெளியே ஆள் நிற்கவில்லை என்றால் அடைத்ததற்கு அர்த்தமே இல்லை.

ஜூன் 19

வாலு கூண்டிலேயே நனைத்திருந்தாள். வெளியே கூட்டிப்போனால் உட்காருகிறாள், நாலு சொட்டு. எழுந்து இரண்டடி நடந்து மறுபடி உட்காருகிறாள், மறுபடி சொட்டு. பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறாள். "பிடிவாதம்" என்றாள் அக்கா. நான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூத்திரப் பரிசோதனையில் தொற்று இருந்தது. பெண் குட்டிகளுக்கு இது அதிகம். மாத்திரையைச் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், சொட்டு நின்றவுடன் நிறுத்தக் கூடாது.

ஜூன் 26

வாலு தேறிவிட்டாள். இப்போது பஞ்சு. அக்கா கதவைத் திறந்து குனிந்து "என் தங்கமே" என்றதும் அவன் காதை மடக்கி, பாதி மல்லாந்து, அவள் செருப்பிலேயே விட்டான். இது வேறு கணக்கு, பழக்கக் குறைவு இல்லை. பெரிய ஆள் மேலே கவிந்தால் 'நான் சின்னவன்' என்று குட்டி சொல்கிற விதம். திட்டினால் கூடும். இனி வருகிறவர்கள் முதலில் கண்டுகொள்ளாமல் வந்து உட்கார வேண்டும், அவனே வந்த பிறகு மோவாயைத் தடவலாம். அக்காவுக்கு இதுதான் மகா கஷ்டம்.

ஜூலை 2

12 வாரம். ராத்திரி ஒருமுறை எழுந்தால் போதும். வாலு இன்று முழு உடம்போடு உள்ளே போய்ப் படுத்தாள், கதவைச் சாத்தியும் தலை தூக்கவில்லை. பஞ்சு பின்கதவுக்கு முன்னால் போய் நிற்கிறான், ஆனால் வாயே திறப்பதில்லை. யாரும் பார்க்காவிட்டால் அங்கேயே முடிந்தது. கதவில் ஒரு மணி கட்டி, ஒவ்வொரு முறையும் அவன் மூக்கு அதில் படும்படி செய்துவிட்டுத் திறக்கப் போகிறேன்.

கூடம் மட்டும்தான் இன்னும் அவர்கள் ராஜ்ஜியம். அடுத்த அறை பஞ்சுவுக்கு நாளையிலிருந்து. வாலுவுக்கு இன்னும் இல்லை. மாத்திரை முடிந்து மறுபரிசோதனை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.