மணலில் இறங்கும் முன் காற்றைக் குறையுங்கள்

ஃபோர் வீல் ஜீப் வாங்கிய தம்பிகள் பலருக்கும் தேவகோட்டைப் பக்கம் மணிமுத்தாற்று மணலில் இறக்கிப் பார்க்க ஆசை. தாராளமாக ஓட்டுங்கள். ஆனால் முதல் வேலை டயர் காற்றைக் குறைப்பது. ரோட்டுக்கு 30 பிஎஸ்ஐ பக்கம் வைத்திருப்போம். பொடிமணலுக்கு 18 போதும். டயர் நீளமாகப் படிந்து, எடை பரவி, வண்டி மணலைத் தோண்டாமல் மேலேயே போகும். சக்கரம் வெறுமனே சுற்றினால் உடனே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்க அச்சு வரை புதையும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள்.

நம்ம ஊரில் இன்னொன்று, சீமைக் கருவேல முள். காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும்; முள் அங்கேதான் ஏறும். கரையோரம் வெட்டிப் போட்ட கிளைகளை விட்டு விலகியே போங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்துவிட்டால் கதையே வேறு. எனக்குப் பெரிய பயம் மணல் அள்ளிய குழிகள்தான், கலங்கல் தண்ணீரில் தெரியவே தெரியாது. கம்பு ஊன்றி நடந்து பாருங்கள். தண்ணீர் காலை இழுத்தால் வண்டியும் வேண்டாம். புதிய மஹிந்திரா தார் ஜீப்புக்கே 650 மில்லிமீட்டர் ஆழம்தான் எல்லை. வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் ஒரே கியர், சீரான வேகம். நடுவில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டிக் காய வையுங்கள். அப்புறம் காற்றை நிரப்பி, டூ வீல் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு தார் ரோட்டில் ஏறுங்கள்.