அது செய்ததா, தின்றதா? பிஎச்டி இன்டர்வியூவில் என்னைக் கவிழ்த்த நட்சத்திர மீன்

ரிசல்ட் வந்து நான்கு நாள்தான் ஆகிறது, செம்பூர் வீட்டில் அம்மா இன்னும் யாராவது வந்தால் கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறாள். நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுத்துத் தேர்வைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது ஜேஆர்எஃப் என்கிற அந்த உதவித்தொகையை வாங்கிய பிறகு, பிஎச்டி சேர வரும் இன்டர்வியூ பற்றி.

எம்எஸ்சி செமினாரில் நான் எடுத்தது கடற்பஞ்சு தின்னும் நட்சத்திர மீன்களின் வேதிப்பொருட்கள். யாரும் எடுக்காத தலைப்பு, கேள்வி கேட்கவே பயப்படுவார்கள் என்று நினைப்பு. முதல் இன்டர்வியூவில் போர்டு முழுக்க டைலோமைகாலின் ஏ என்ற ஆல்கலாய்டை (நைட்ரஜன் உள்ள இயற்கைச் சேர்மம்) வரைந்தேன். ஐந்து வளையமும் நடுவில் குவானிடினும், அதிலிருந்து நீளமான கொழுப்பமிலச் சங்கிலி, நுனியில் ஸ்பெர்மிடின். ஃப்ரோமியா மோனிலிஸ், செலரினா ஹெஃபர்னானி என்று இரண்டு நட்சத்திர மீன், இடம் நியூ கலிடோனியா, கட்டுரை வந்தது 1995 என்று ஒப்பித்தேன். வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் ஒரே கேள்வி கேட்டார்: "இதை யார் செய்தது?" நட்சத்திர மீன்தான் என்றேன். "எப்படித் தெரியும்?" அதிலிருந்துதானே பிரித்தெடுத்தார்கள் மேடம் என்றேன். அவ்வளவுதான், பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டார்.

ஹார்பர் லைனில் கதவோரம் நின்று வரும்போதுதான் உறைத்தது. அதே டைலோமைகாலினை 1989-லேயே கடற்பஞ்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். முழு விலங்கையும் அரைத்தால் அதன் வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதானே வரும்!

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. எந்தச் சேர்மத்தைப் படித்தாலும் பக்கத்தில் 'செய்ததா, தின்றதா' என்று எழுதுங்கள். ரெட்ரோசிந்தசிஸ் (சேர்மத்தைப் பின்னோக்கித் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்முறை யோசிப்பது) எல்லாம் அப்புறம்.

நட்சத்திர மீனின் சோப்பு மாதிரி நச்சான ஆஸ்டெரோசப்போனின் வேறு கதை. கடற்பஞ்சு பக்கமே போகாத நட்சத்திர மீன்களிலும் இருக்கிறது, அதனால் அது சொந்தச் சரக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டாவது இன்டர்வியூவில் இதைத்தான் பிடித்தார்கள்: சப்போனின் செல் சவ்வைக் கிழிக்குமே, மீன் ஏன் சாகவில்லை? சப்போனின் பிடிப்பது கொலஸ்டிரால் மாதிரி டெல்டா-5 ஸ்டெரால்களை (இரட்டைப் பிணைப்பு ஐந்தாம் கார்பனில் தொடங்கும்; டெல்டா-7 என்றால் ஏழாவதில்). இதன் சவ்வில் டெல்டா-7 தான் அதிகம். தின்று கிடைக்கும் கொலஸ்டிராலையும் டெல்டா-7 ஆக மாற்றிக்கொள்ளும். ஆல்கலாய்டை அப்படியே வைத்துக்கொள்கிற விலங்கு ஸ்டெராலை மட்டும் மாற்றுகிறது என்று நானே ஒரு வரி சேர்த்தேன், அங்கேதான் இன்டர்வியூ என் பக்கம் திரும்பியது.

கையில் இருக்க வேண்டியவை:
- ஆஸ்டெரோசப்போனினில் சல்பேட் 3-ஆம் கார்பனில், சர்க்கரைச் சங்கிலி 6-இல். நான் ஒரு தடவை மாற்றிச் சொல்லி அசடு வழிந்தேன்.
- கார்பன் என்எம்ஆரில் 145-ம் 116-ம் பக்கத்தில் சிக்னல் வந்தால் 9(11) இரட்டைப் பிணைப்பு, அதாவது 9-ஆம் 11-ஆம் கார்பனுக்கு நடுவில்.
- மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் நிறை 120 குறைந்தால் சோடியம் பைசல்பேட் போயிருக்கிறது.
- குழுவாகப் படிக்காதீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை, மாட்டுங்கா ஃபைவ் கார்டனில் மூன்று பேர் சேர்ந்து கட்டிங் சாய்தான் குடித்தோம்.
- போர்டில் படம் சின்னதாகப் போடுங்கள். பெரிதாகப் போட்டால் அதிலேயே ஏழு நிமிடம் போய்விடும்.

முதல் இடத்திலிருந்து இன்றுவரை ஒரு மெயில்கூட வரவில்லை, வெப்சைட்டில் என் நம்பர் இல்லாததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மையார் மேல் மட்டும் கோபம் இல்லை. இரண்டாவது இடத்தில் ஆகஸ்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.